சுட்டது எத்தனையாவது மைலில்?

கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதையில் ஒருவரின் சங்கிலியை யாராவது அறுத்துக்கொண்டு ஓடினால், வழக்கு எங்கே போகும் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. ஏற்காடு காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள், விசாரணை சேலம் மாவட்டத்துக்குள் நடக்கும். குற்றம் நடந்த வட்டாரத்தின் கோர்ட்தான் அதை விசாரிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 177-ஆவது பிரிவு சொன்னது. அதே விதி இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 197-ஆவது பிரிவாக இருக்கிறது. மலைக்குச் சர்வே எண் உண்டு, தாலுகா உண்டு, எல்லைக்கல் உண்டு. கடலில் எல்லைக்கல்லை எங்கே நடுவது?

சேர்வராயன் மலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு கோடு இருக்கிறது. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை ஏற்காட்டுக்குச் சற்று மேற்கே, ஓமலூர்ப் பக்கமாகப் போகிறது. அங்கிருந்து கரூரையும் மதுரையையும் இடது கைப்பக்கம் விட்டுவிட்டு நேர் தெற்கே இறங்கி, மணப்பாட்டுக்கும் பெரியதாழைக்கும் நடுவே கடலில் விழுகிறது. சோமாலியக் கடற்கொள்ளையர்களுக்கு அஞ்சி, கப்பல் துறையினர் 2011-இல் வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டி இந்தக் கோட்டைத்தான் ஆபத்துப் பகுதியின் கிழக்கு எல்லையாக வைத்தது. கோட்டுக்கு மேற்கே இருக்கும் கடல் முழுதும் கடற்கொள்ளை அபாயம் உள்ளது என்று கணக்கு. சோமாலியா எங்கே, பெரியதாழை எங்கே! ஆனாலும் கேரளக் கரை முழுவதும், குமரிக் கடலும் அந்தக் கணக்கில் வந்துவிட்டன. இந்தியா முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. 2015 டிசம்பரில்தான் கோட்டை 65 டிகிரிக்குத் தள்ளி வைத்தார்கள்.

இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்தது என்ன? கோட்டுக்கு மேற்கே போகும் சரக்குக் கப்பல்கள் துப்பாக்கி ஏந்திய காவலர்களை ஏற்றிக்கொண்டன. சில நாடுகள் தங்கள் கடற்படை வீரர்களையே வணிகக் கப்பலில் அனுப்பின. மற்றவர்கள் தனியார் நிறுவனங்களிடம் ஆள் எடுத்தார்கள். ஆபத்துப் பகுதி முடிந்ததும் இந்தக் காவலர்கள் இறங்க வேண்டும், அடுத்த கப்பலில் ஏற வேண்டும். துப்பாக்கியோடு எந்தத் துறைமுகத்தில் இறங்குவது? பல நாடுகள் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் காகித வேலை கழுத்தை நெரிக்கும். அதனால் ஆளையும் ஆயுதத்தையும் வைத்துக்கொண்டு கடலிலேயே மிதந்துகொண்டிருக்கும் கப்பல்கள் உருவாயின. மிதக்கும் ஆயுதக் கிடங்கு என்று அவற்றை அழைத்தார்கள். தூத்துக்குடியும் கொல்லமும் இந்தக் கோட்டுக்குப் பக்கத்து ஊர்கள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு ஊர்களின் கடலிலும் இரண்டு வழக்குகள் பிறந்ததில் ஆச்சரியம் இல்லை.

தூத்துக்குடிக்கு வந்த ஓஹையோ

2013 அக்டோபர் 12. இந்தியக் கடலோரக் காவல்படையின் ‘நாயகிதேவி’ ரோந்துக் கப்பல், ‘சீமேன் கார்டு ஓஹையோ’ என்ற கப்பலை மடக்கித் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குக் கூட்டி வந்தது. உள்ளே 35 பேர், 35 துப்பாக்கிகள், 5,600-க்கு மேல் தோட்டாக்கள். கப்பல் அமெரிக்காவின் அட்வான்ஃபோர்ட் நிறுவனத்தைச் சேர்ந்தது. பறந்த கொடி ஆப்பிரிக்காவின் சியரா லியோனுடையது. ஆட்களில் 14 பேர் எஸ்தோனியர், 6 பேர் பிரிட்டிஷார், 3 பேர் உக்ரைனியர், 12 பேர் இந்தியர். ஒரே கப்பலில் ஆறு நாட்டுச் சம்பந்தம். பிடிபட்ட இடத்தின் சம்பந்தம் மட்டும் தமிழ்நாட்டுடையது.

கப்பல் நம் எல்லைக்கடலுக்குள், அதாவது கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் நின்றது என்றது அரசுத் தரப்பு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், 12 மைல் என்றால் சுமார் 22 கிலோமீட்டர். உள்ளூர்ப் படகு வழியாக 1,500 லிட்டர் டீசல் வாங்கினார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. வழக்கு கியூ பிரிவு போலீஸிடம் போனது. ஆயுதச் சட்டம் ஒருபக்கம், டீசலுக்காக அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் இன்னொரு பக்கம். அக்டோபர் 18-இல் கைதுகள் நடந்தன.

கப்பல்காரர்களின் பதில் இரண்டு கால்களில் நின்றது. முதலாவது: எங்களுக்கு எரிபொருளும் உணவும் தீர்ந்துபோயின, வங்கக் கடலில் பைலின் புயல், வேறு வழியில்லாமல் கரையை நெருங்கினோம். இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பைலின் ஒடிசாவின் கோபால்பூர் அருகே கரையைக் கடந்ததும் அதே அக்டோபர் 12-ஆம் தேதிதான். இரண்டாவது: நம் ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவே, கடலோடும் கப்பலின் வழக்கமான ஆயுதத் தளவாடமாக இருப்பதற்கு விலக்குத் தருகிறது. கடற்கொள்ளையைத் தடுக்க ஆள் அனுப்பும் கப்பலில் துப்பாக்கி இல்லாமல் வேறென்ன இருக்கும் என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை அரசுத் தரப்பு எதிர்கொண்ட விதம் எளிது. 45-ஆவது பிரிவு எழுதப்பட்ட காலத்தில் சட்டத்தின் மனதில் இருந்தது கப்பலைக் காக்கும் ஆயுதம். இங்கேயோ மற்றவர் கப்பல்களுக்கு வாடகைக்குப் போகிற ஆயுதம். இரண்டும் ஒன்றா? நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்லும் சட்டம் 2013-இல் நம்மிடம் இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை வைத்துக்கொண்டு, அதை எழுதியவர்கள் கற்பனையும் செய்திராத ஒரு தொழிலை அளந்துகொண்டிருந்தோம்.

பிறகு நீதிமன்றங்கள் ஏறி இறங்கின. 2014 மார்ச்சில் ஜாமீன். 2014 ஜூலை 10-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டுகளை ரத்து செய்தது. டீசல் விவகாரத்தை மட்டும் விட்டுவைத்தது. 2015 ஜூலை 1-இல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது: கப்பல் கரையைச் சீண்டாமல் கடந்து போகும் ‘குற்றமற்ற கடப்பில்’ இருந்ததா, ஆபத்தில் தவித்ததா என்பதெல்லாம் சாட்சியம் கேட்டு முடிவு செய்ய வேண்டியவை, முதலில் விசாரணையை நடத்துங்கள் என்றது. 2016 ஜனவரி 11-இல் தூத்துக்குடி செஷன்ஸ் கோர்ட் 35 பேருக்கும் ஐந்தாண்டு கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பர் 27-இல் மதுரைக் கிளை 35 பேரையும் விடுதலை செய்தது.

பாளையங்கோட்டையிலும் புழலிலும் கழிந்த காலம், ஜாமீனில் வந்தும் பாஸ்போர்ட் இல்லாமல் சென்னையில் முடங்கிக் கிடந்த காலம், எல்லாம் சேர்ந்தால் நான்கு ஆண்டுக்கு மேல். அந்த ஆறு பிரிட்டிஷாரை ‘சென்னை ஆறு பேர்’ என்று பெயரிட்டு அவர்கள் நாட்டில் பெரிய இயக்கமே நடந்தது. மாலுமிகளுக்கு உதவும் ‘மிஷன் டு சீஃபேரர்ஸ்’ என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. கப்பலில் இருந்த 12 இந்தியர்களுக்காக இங்கே யார் கூட்டம் போட்டார்கள்? அவர்களும் அதே வழக்கில், அதே தண்டனை பெற்று, அதே நாளில்தான் விடுதலையானார்கள். நம் பத்திரிகைகளும் (இந்த எழுத்து உட்பட) வெள்ளைக்காரர்களின் கதையைத்தான் விரிவாகச் சொல்கின்றன.

போலீஸ் அன்று கப்பலைப் பிடித்ததில் தவறில்லை என்பது என் கருத்து. 26/11-இல் கடல்வழி வந்தவர்கள் மும்பையில் என்ன செய்தார்கள் என்று பார்த்த நாடு, மன்னார் வளைகுடாவில் 35 துப்பாக்கியோடு நிற்கும் கப்பலைச் சும்மா விட முடியாது. தவறு அடுத்த கட்டத்தில்தான். கப்பலைத் தடுத்து, சோதித்து, ஆயுதத்தைப் பறிமுதல் செய்து, கொடி நாட்டுக்குத் தகவல் சொல்லி, ஆட்களை நாடு கடத்தியிருக்கலாம். சிறையில் வைத்த பிறகு எந்தப் பிரிவு பொருந்தும் என்று தேடினோம். முதலில் பிடிப்பது, அப்புறம் சட்டம் தேடுவது: கடல் வழக்குகளில் இது நமக்கு வழக்கமாகவே போய்விட்டது.

மைலுக்கு மைல் மாறும் அதிகாரம்

கடலை ஒரே நீலமாகப் பார்க்கிறோம். சட்டம் அதைப் பட்டை பட்டையாகப் பார்க்கிறது. 1976-ஆம் ஆண்டின் கடல் மண்டலச் சட்டமும், 1982-இல் உருவாகி 1995-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் சேர்ந்து போட்ட கோடுகள் இவை. 12 மைல் வரை எல்லைக்கடல். அங்கே நம் இறையாண்மை முழுமையானது. ஆனாலும் கரையைச் சீண்டாமல் கடந்து போகும் வெளிநாட்டுக் கப்பலுக்கு வழிவிட வேண்டும். அதற்குள் நடக்கும் குற்றத்தில்கூட, அதன் விளைவு கரையைத் தொடாவிட்டால் கடலோர நாடு தலையிடாமல் இருப்பதே முறை என்கிறது உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு. 24 மைல் வரை அடுத்த பட்டை. சுங்கம், குடியேற்றம், சுகாதாரம் போன்ற சில காரியங்களுக்கு அங்கே கை நீட்டலாம். நம் சட்டம் அந்தப் பட்டியலில் நாட்டின் பாதுகாப்பையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. 200 மைல் வரை பொருளாதார மண்டலம். மீனும் எண்ணெயும் நமக்கு, கப்பல் போக்குவரத்து எல்லாருக்கும். அதற்குள் நிற்கும் எண்ணெய்த் தளத்தைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் போடலாம். தளத்தின் மேல் நடக்கும் குற்றம் நம் கோர்ட்டுக்கு வரும். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் எதிரே கடலில் நிற்கும் எரிவாயுத் தளத்துக்கும் இதே விதிதான்.

11-ஆவது மைலில் ஒரு கப்பலில் ஏறித் திருடினால் அது சாதாரணக் கொள்ளை. உள்ளூர் போலீஸ் வேலை. அதே ஆட்கள் அதே காரியத்தை 13-ஆவது மைலில் செய்தால் அது கடற்கொள்ளை. உலகின் எந்த நாட்டுக் கடற்படையும் பிடிக்கலாம், எந்த நாட்டுக் கோர்ட்டும் விசாரிக்கலாம். சட்டப் புத்தகத்தில் அது அத்தனை சுத்தமாக இருக்கிறது.

நம் கடலில் இந்தத் தகராறு புதிதும் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமநாதபுரத்துச் சங்குப் படுகைகளைக் குத்தகைக்கு எடுத்தவர் தரப்பில் ஒரு திருட்டு வழக்கு போடப்பட்டது. பாக் விரிகுடாவில் கரையிலிருந்து சில மைல் தள்ளிச் சங்கு எடுத்தது திருட்டா, அதை விசாரிக்க நம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 1904-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் அது இருக்கிறது. அன்று உலகம் ஒப்புக்கொண்ட எல்லை மூன்று மைல்தான். ஆனால் பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் இரு பக்கமும் பிரிட்டிஷ் நிலத்தால் சூழப்பட்ட நீர், அதனால் நாட்டின் பகுதியே என்று பார்த்தார்கள். வி. பாஷ்யம் ஐயங்கார் அந்த வழக்கில் எழுதிய தீர்ப்பைச் சர்வதேசக் கடல் சட்ட நூல்கள் இன்றும் மேற்கோள் காட்டுகின்றன. சங்கு எடுத்தவர்களால் எழுந்த சட்டம் என்று நினைத்தால் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

இருபதரை மைல்

ஓஹையோவுக்கு முந்தைய ஆண்டுக் கதை இன்னும் கசப்பானது. 2012 பிப்ரவரி 15 மாலை. நீண்டகரையிலிருந்து போன ‘செயின்ட் ஆன்டனி’ என்ற மீன்பிடிப் படகு கேரளக் கரையிலிருந்து இருபதரை கடல் மைல் தூரத்தில் இருந்தது. இலங்கையின் காலியிலிருந்து ஜிபூட்டி நோக்கிப் போன ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்து தோட்டாக்கள் பாய்ந்தன. கப்பலைக் காக்க வந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், படகைக் கடற்கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டதாகச் சொன்னார்கள். படகில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் குமரி மாவட்டத்து இளைஞர்.

நீண்டகரை கடலோரக் காவல் நிலையம் கொலை வழக்குப் பதிந்தது. கப்பல் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, மஸ்ஸிமிலியானோ லத்தோரே, சல்வத்தோரே ஜிரோனே என்ற இரு வீரர்களும் கைதானார்கள். 12 மைலுக்கு வெளியே நடந்ததை விசாரிக்க உங்களுக்கு உரிமை இல்லை என்றது இத்தாலி. 1981 ஆகஸ்ட் 27-இல் மத்திய அரசு வெளியிட்ட ஒரு அறிவிக்கை இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பொருளாதார மண்டலத்துக்கும் நீட்டியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, கேரளத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2012 மே 29-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது.

2013 ஜனவரி 18-இல் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகப் பிரித்தது. அல்தமஸ் கபீர், ஜே. செலமேஸ்வர் அமர்வின் தீர்ப்பு அது. இந்தியாவுக்கு அதிகாரம் உண்டு, கேரளத்துக்கு இல்லை. மாநிலத்தின் அதிகாரம் 12 மைலோடு முடிகிறது, அதற்கு அப்பால் மத்திய அரசுதான். எனவே டெல்லியில் சிறப்பு நீதிமன்றம் அமையுங்கள். இதற்குள் ஓர் ஆண்டு போய்விட்டது. நடந்த விசாரணை எல்லாம் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

இத்தாலியின் இன்னொரு ஆயுதம் உடன்படிக்கையின் 97-ஆவது பிரிவு. கப்பல்கள் மோதிக்கொண்டால் மாலுமியை அவன் நாடோ கொடி நாடோதான் விசாரிக்கலாம் என்று அது சொல்கிறது. அதற்கும் ஒரு பூர்வ கதை உண்டு. 1926-இல் ‘லோட்டஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் துருக்கிக் கப்பல் ஒன்றை மோதி எட்டுத் துருக்கியர் இறந்தார்கள். துருக்கி பிரெஞ்சு அதிகாரியைச் சிறைபிடித்தது. அது சரிதான் என்று 1927-இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. கப்பல் நாடுகளுக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. பிற்பாடு உடன்படிக்கை போட்டே அதை மாற்றிவிட்டார்கள். ஆனால் துப்பாக்கியால் சுடுவது கப்பல் மோதல் ஆகுமா? ஆகாது என்றது நம் உச்ச நீதிமன்றம். பிற்காலத்தில் சர்வதேச நடுவர் மன்றமும் அதையே சொன்னது.

சிறப்பு நீதிமன்றம் என்று அறிவித்தும் விசாரணை ஒரு நாள்கூட நடக்கவில்லை. வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் போனது. அது 2002-ஆம் ஆண்டின் கப்பல் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்தது. 1985-இல் ‘அக்கில்லே லாவ்ரோ’ என்ற இத்தாலியக் கப்பல் பாலஸ்தீன ஆயுதக் குழுவால் கடத்தப்பட்ட பிறகு, இத்தாலி முன்னின்று செய்த சர்வதேச ஒப்பந்தத்தின் இந்திய வடிவம் அது. உயிர் போனால் மரண தண்டனை என்று அதில் எழுதியிருக்கிறது. ஆக, இத்தாலி பெற்ற குழந்தையைக் கொண்டே இத்தாலியரைத் தூக்கிலிட வழி பார்க்கிறார்கள் என்று ரோமில் கொதிப்பு. 2014 பிப்ரவரியில் மத்திய அரசு அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. இடையில் 2013 மார்ச்சில், ஓட்டுப் போட ஊருக்குப் போன இருவரையும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று இத்தாலி அறிவித்து, அதன் தூதர் இந்தியாவை விட்டுப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்து, கடைசியில் இருவரும் திரும்பி வந்த நாடகமும் உண்டு. லத்தோரே 2014-இல் சிகிச்சைக்காகவும் ஜிரோனே 2016-இல் சர்வதேச நடுவர் மன்றத்தின் உத்தரவை ஒட்டியும் இத்தாலி போனார்கள். போனவர்கள் போனவர்களே.

2020 மே 21-இல் ஹேக் நகரில் நடுவர் மன்றத்தின் முடிவு வந்தது. இரண்டு நாடுகளுக்குமே அதிகாரம் உண்டு. படகின் கடல் சுதந்திரத்தை இத்தாலி மீறியது. இழப்பீடு தர வேண்டும். ஆனால் அந்த இருவரும் அரசுப் பணியில் இருந்த வீரர்கள் என்பதால் இந்தியக் குற்றவியல் நீதிமன்றம் அவர்களைத் தொட முடியாது. இந்தக் கடைசிப் பகுதி மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நிறைவேறியது. இத்தாலி பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது: இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூன் 15-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது. 2022 ஜனவரியில் ரோமிலும் வழக்கை மூடிவிட்டார்கள். இரண்டு பேர் செத்தார்கள். யார் சுட்டார்கள், ஏன் சுட்டார்கள் என்று சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேட்ட கோர்ட் உலகில் ஒன்றும் இல்லை.

சட்டம் இல்லாமல் கிடைத்த விடுதலை

முதலில் பிடித்து அப்புறம் சட்டம் தேடும் இந்த வழக்கத்தின் தொடக்கம் 1999. அலுமினியப் பாளங்களோடு இந்தோனேசியாவிலிருந்து கிளம்பிய ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்ற ஜப்பானியக் கப்பலைக் கொள்ளையர் கடத்தினார்கள். 17 மாலுமிகளை ஒரு மிதவையில் இறக்கிவிட்டு, பெயரை ‘மெகா ராமா’ என்று மாற்றி எழுதி அரபிக் கடல் வரை கொண்டுவந்தார்கள். நம் கடற்படையும் கடலோரக் காவல்படையும் துரத்திப் பிடித்தது உலகம் மெச்சிய சாதனை. 2003-இல் மும்பை கோர்ட் தண்டித்தது. 2005-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இந்தியாவில் கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டமே அப்போது கிடையாது.

அதற்கப்புறம் சட்டம் வர எத்தனை ஆண்டு ஆயிற்று என்று எண்ணினால் வெட்கமாக இருக்கும். 2012-இல் ஒரு மசோதா வந்து காலாவதியானது. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மறு மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல். பலன் உடனே தெரிந்தது. 2024 மார்ச்சில் ‘ஐ.என்.எஸ். கொல்கத்தா’, சோமாலியக் கொள்ளையர் பிடித்து வைத்திருந்த ‘ரூவன்’ என்ற கப்பலை மீட்டு, 35 பேரை மும்பைக்குக் கொண்டுவந்து இந்தச் சட்டத்தின் கீழ் போலீஸிடம் ஒப்படைத்தது. இந்த முறை எந்தப் பிரிவு என்று தேட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இந்தச் சட்டம் கொள்ளையரை மட்டும்தான் தொடும். சொந்த லாபத்துக்காக ஒரு கப்பலில் இருந்து இன்னொரு கப்பலைத் தாக்குவதே கடற்கொள்ளை. ஓஹையோ போன்ற ஆயுதக் கிடங்குக் கப்பல் இதில் வராது. என்ரிகா லெக்ஸி வீரர்களும் வர மாட்டார்கள். செங்கடலில் 2023-இன் இறுதியில் மறுபடி தாக்குதல்கள் தொடங்கின, காவலர்கள் மறுபடி கப்பல்களில் ஏறினார்கள். அடுத்த ஓஹையோ தூத்துக்குடிக்கு வந்தால் கியூ பிரிவின் மேசையில் அதே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்தான் இருக்கும். எத்தனை மைலுக்குள் வந்தால் தடுப்பது, எப்போது ஆயுதத்தைச் சீல் வைத்து அனுப்புவது, எப்போது வழக்குப் போடுவது என்று மத்திய அரசு ஒரு தெளிவான விதியை எழுதினால் மாநிலப் போலீஸும் பிழைக்கும், மாலுமிகளும் பிழைப்பார்கள்.

நம் மீனவர்களுக்கு ஹேக் தீர்ப்பில் வேறொரு செய்தி இருக்கிறது. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கைக் கடற்படை மீது பழி விழுந்தது, அது மறுத்தது. இப்படிப்பட்ட சாவுகளுக்கு நம் கரையில் எஃப்.ஐ.ஆர். போடலாம். ஆனால் சீருடையில் இருந்தவர் அரசுப் பணியாகச் சுட்டார் என்றால் நம் கோர்ட் அவரை நிறுத்த முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் பொருள். இந்திய-இலங்கைக் கடலின் 1974, 1976 எல்லைக்கோடுகளைத் தாண்டியவரா தாண்டாதவரா என்ற சண்டைக்கு முன்னாலேயே இந்தக் கதவு மூடிக்கொள்கிறது. இழப்பீட்டுக் கதவு மட்டும் திறந்திருக்கிறது. நாடு நாட்டிடம் கேட்டு வாங்க வேண்டிய பணம் அது. டெல்லி கேட்டால்தான் கிடைக்கும். இத்தாலியிடம் கேட்ட குரலில் கொழும்பிடமும் கேட்க வேண்டும் என்று தமிழ்நாட்டு எம்.பி.க்கள் வற்புறுத்துவதற்கு ஹேக் தீர்ப்பே போதிய ஆதாரம்.

படகோட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழக்கு நிற்பதும் விழுவதும் இடத்தில்தான் இருக்கிறது. கடலில் எந்தக் கப்பல் மோதினாலும், மிரட்டினாலும், சுட்டாலும் அந்தக் கணமே ஜி.பி.எஸ். கருவியில் நிலையைச் சேமித்து வையுங்கள். நேரத்தைக் குறியுங்கள். கப்பலின் பெயரையும், பின்பக்கத்தில் எழுதியிருக்கும் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணையும் போனில் படம் எடுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. கரைக்கு வந்ததும் மரைன் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகலை வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். அந்த நகல் இலவசம், அதைக் கேட்பது உங்கள் உரிமை.